கருவியும் கையும்



தச்சருக்கு உளி, உழவருக்கு ஏர், தைப்பவருக்கு ஊசி என்று ஒவ்வொரு தொழிலுக்கும் உரிய கருவிகள் உண்டு. ஒரு தச்சரிடம் அவருடைய உளிகளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "இது நல்லது, அது ஆகாது" என்று மணிக்கணக்கில் பேசுவார். கணிப்பொறிக்கு நிரல் எழுதும் எங்களைப் போன்றோரும் அப்படித்தான். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இத்தொழிலில் இருப்பவள் என்ற முறையில், நான் நாள்தோறும் கையாளும் கருவிகள் சிலவற்றைப் பற்றி இங்கே கூறுகிறேன். இதில் வரலாறும் உண்டு. என் சொந்தக் கருத்துகளும் உண்டு. என் கருத்துகளோடு நீங்கள் மாறுபடலாம்.

நல்ல கருவிக்கு அடையாளம் யாது? விரைவு என்பார் சிலர். அழகு என்பார் சிலர். நாம் செய்த தவறை நமக்குக் காட்ட வேண்டும், அதைத் திருத்திக்கொள்ள வழிவிட வேண்டும் என்பதே என் விடை. இதை நான் நூலில் படித்து அறியவில்லை, பட்டு அறிந்தேன்.

ஓர் இடைவெளியால் வந்த இழப்பு

2003 ஆம் ஆண்டு. நான் வேலையில் சேர்ந்த புதிது. ஒரு மருத்துவமனையின் மருந்துக் கிடங்குக் கணக்குக்கான நிரலைப் பதினொரு நாள்களாக எழுதிவந்தேன். சி என்னும் மொழியில் எழுதிய நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும்போது, இடையில் சில கோப்புகள் உண்டாகும். அவற்றின் பெயர்கள் 'புள்ளி ஓ' என்று முடியும். வேலை முடிந்ததும் அவற்றை அழித்துவிடுவோம்.

அழிப்பதற்கு 'ஆர்எம்' என்று ஒரு கட்டளை உண்டு. அதில் உடுக்குறி இட்டால் 'எல்லாம்' என்று பொருள். உடுக்குறியையும் 'புள்ளி ஓ'வையும் ஒட்டி எழுதினால், 'ஓ என்று முடியும் கோப்புகள் எல்லாவற்றையும் அழி' என்று பொருள்படும். அன்று இரவு தூக்கக் கலக்கத்தில் இரண்டுக்கும் நடுவே என் விரல் ஓர் இடைவெளியை விட்டுவிட்டது. பொருள் அடியோடு மாறிவிட்டது. 'எல்லாவற்றையும் அழி, பிறகு புள்ளி ஓ என்ற கோப்பையும் அழி' என்று கணிப்பொறி புரிந்துகொண்டது. எல்லாவற்றையும் அழித்தது. அழித்த பிறகு, 'புள்ளி ஓ என்ற பெயரில் கோப்பு ஏதும் இல்லையே' என்ற ஒரே ஒரு வரியை மட்டும் திரையில் காட்டியது!

அந்த அலுவலகத்தில் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் வழக்கம் இல்லை. நான் அழுதுகொண்டிருந்தேன். மூத்த ஊழியரான அக்கா ஒருவர் அருகில் வந்தார். அவர் திட்டவில்லை. "அழுதா ஃபைல் திரும்பி வராதும்மா. போய் முகம் கழுவிட்டு வா. நீ யோசிச்சது உன் தலைக்குள்ளதானே இருக்கு? அதை யாரும் அழிக்கலையே" என்றார்.

மறுபடியும் எழுதினேன். பதினொரு நாள் வேலை நான்கே நாளில் முடிந்தது. முன்னதைவிடச் சுருக்கமாகவும் அமைந்தது. ஆனால் அந்த நான்கு நாளும் மருந்துக் கிடங்கில் இருந்தவர்கள் எனக்காக ஏட்டிலேயே கணக்கு எழுதினார்கள். என் தவறுக்கு வேறு யாரோ கை வலிக்க எழுத நேர்ந்ததை நான் இன்றும் மறக்கவில்லை.

இவ்வாறு நேர்ந்தது எனக்கு மட்டும் அன்று. 1998 இல் அமெரிக்காவின் பிக்சார் நிறுவனம் 'டாய் ஸ்டோரி 2' என்ற படத்தை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, இதே 'ஆர்எம்' கட்டளை தவறான இடத்தில் ஓடிப் படக் கோப்புகளில் பெரும்பகுதியை அழித்துவிட்டது. சேமித்து வைத்திருந்த பிரதிகளும் சரியாக இல்லை. அப்போது கேலின் சூஸ்மன் என்ற பெண்மணிக்குக் குழந்தை பிறந்திருந்த காலம். வீட்டிலிருந்தே வேலை செய்வதற்காகப் படத்தின் பிரதி ஒன்றைத் தம் வீட்டுக் கணிப்பொறியில் வைத்திருந்தார். அந்தக் கணிப்பொறியைப் போர்வையில் சுற்றிக் காரில் பத்திரமாகக் கொண்டுவந்தார்கள். ஒரு தாயின் வீட்டில் இருந்த பிரதி பலருடைய உழைப்பைக் காப்பாற்றியது.

இந்தப் படிப்பினையை மனத்தில் வைத்துக்கொண்டு கருவிகளைக் காண்போம்.

1. இயங்குதளம்

கணிப்பொறியின் திரை, விசைப்பலகை, நினைவகம் ஆகிய அனைத்தையும் நிருவகித்து, பிற நிரல்கள் ஓடுவதற்கு இடம் தருவது இயங்குதளம். வீட்டை நடத்தும் அம்மாவைப் போன்றது எனலாம். எல்லாம் ஒழுங்காக நடக்கும்போது அவர் செய்யும் வேலை யார் கண்ணிலும் படுவதில்லை அன்றோ?

1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். 1991 இல் பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் படித்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், யூனிக்ஸைப் போன்ற ஒன்றைத் தாமே எழுதத் தொடங்கினார். அதுவே லினக்ஸ். ஆண்ட்ராய்டு செல்பேசிகளின் உள்ளே இருப்பதும் அதன் கருவே. ஆப்பிள் நிறுவனம் 2001 இல் வெளியிட்ட மேக் ஓஎஸ் எக்ஸும் யூனிக்ஸ் மரபில் வந்ததுதான். மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் வேறு மரபு. அதன் முதல் பதிப்பு 1985 இல் வந்தது.

இவற்றில் எது சிறந்தது? அலுவலகக் கடிதம் எழுதுவோர்க்கும் கணக்கர்க்கும் பழகிய விண்டோஸே போதும் என்பது என் கருத்து. நிரல் எழுதுவதற்கு நான் லினக்ஸையே விரும்புகிறேன். அது இலவசம் என்பது மட்டும் காரணம் அன்று. அதன் உள்ளே என்ன நடக்கிறது என்பதை நான் திறந்து பார்க்கலாம். எதையும் அது மூடி மறைப்பதில்லை.

யூனிக்ஸ் மரபின் தனிச்சிறப்பு 'பைப்' என்னும் குழாய். டக் மெக்கில்ராய் என்பவரின் இந்த எண்ணம் 1973 இல் யூனிக்ஸில் இடம்பெற்றது. ஒரு சிறு நிரலின் விடையை அடுத்த நிரலுக்குள் பாய்ச்சுவதே அதன் வேலை. ஓர் எடுத்துக்காட்டு கூறுகிறேன். உங்கள் வகுப்பில் 40 மாணவியர் உள்ளனர். ஒவ்வொருவருடைய ஊரும் ஒரு கோப்பில் வரிக்கு ஒன்றாக உள்ளது. எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் வருகின்றனர் என்று அறிய வேண்டும். 'சார்ட்' என்ற கட்டளை ஊர்களை வரிசைப்படுத்தும். 'யூனிக்' என்ற கட்டளை ஒன்றுபோல் வருபவற்றை எண்ணிச் சொல்லும். ஆனால் 'யூனிக்' அடுத்தடுத்து நிற்கும் வரிகளை மட்டுமே ஒப்பிடும். எனவே முதலில் வரிசைப்படுத்திய பின்னரே எண்ண வேண்டும். இதை மறந்தால் விடை தவறும். அவ்வாறு தவறினால் என்ன செய்வது? குழாயை நடுவில் நிறுத்தி, அதுவரை வந்ததைத் திரையில் பார்க்கலாம். பிழை எந்தப் படியில் நுழைந்தது என்பது தெரிந்துவிடும். பெரிய வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரிப்பதன் பயன் இதுவே.

2. எடிட்டர்

நிரலை எழுதவும் திருத்தவும் பயன்படுவது எடிட்டர். 1976 இல் பில் ஜாய் எழுதிய 'விஐ'யும், அதே ஆண்டில் தோன்றிய 'ஈமாக்ஸ்' என்பதும் புகழ்பெற்றவை. இவற்றுள் எது உயர்ந்தது என்று நிரலாளர்கள் பல ஆண்டுகளாகப் பட்டிமன்றம் நடத்திவருகின்றனர்! இன்று பெரும்பாலோர் கையாளுவது 2015 இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட 'விஎஸ் கோட்'.

நான் கையாளுவது 'விம்'. பிராம் மூலெனார் என்ற டச்சு நாட்டவர் 1991 இல் வெளியிட்ட இது, 'விஐ'யின் வழித்தோன்றல். முதல் நாளில் இதைத் திறந்தவர்களுக்கு மூடத் தெரியாது. எனக்கும் தெரியவில்லை. கணிப்பொறியையே அணைத்துவிட்டேன்! ஆனாலும் பழகிய பின் கை தானே ஓடும். இதை அவர் விலைக்கு விற்கவில்லை. திறந்தவுடன் தோன்றும் முகப்பில், உகாண்டா நாட்டின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுமாறு ஒரு வேண்டுகோள் மட்டும் இருக்கும். அவர் 2023 இல் காலமானார். அவரை நேரில் கண்டிராத எண்ணற்றோர் இன்றும் அவர் செய்த கருவியால் பிழைக்கிறோம்.

எந்த எடிட்டரைக் கற்பது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஏதேனும் ஒன்றை ஆழமாகக் கற்றுக்கொள்ளுங்கள். பத்துத் தையற்பொறிகளைத் தொட்டுப் பார்த்தவளைவிட, ஒன்றில் ஓராண்டு தைத்தவளே நன்றாகத் தைப்பாள்.

நம் மொழியைக் கொண்டும் எடிட்டரைச் சோதித்துப் பார்க்கலாம். 'அம்மா' என்ற சொல்லில் நம் கண்ணுக்குத் தெரிபவை மூன்று எழுத்துகள். யூனிகோடு முறையிலோ அவை ஐந்து குறிகள்: அ, ம, புள்ளி, ம, துணைக்கால். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள் ஆகும். ஆகவே அச்சொல்லுக்கு 15 பைட்டுகள் வேண்டும். 'எழுத்துகள் எத்தனை?' என்று கேட்டால் ஒரு கருவி 15 என்னும். மற்றொன்று 5 என்னும். 3 என்று சொல்லும் கருவியே தமிழ் அறிந்தது. யூனிகோட்டில் தமிழ் 1991 ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்டது. ஆயினும் அதன் பின்னரும் பல ஆண்டுகள் ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டச்சிட்டோம். அந்த எழுத்துருக்கள் இல்லாத கணிப்பொறியில் அக்கோப்புகளைத் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரியும். எழுதியது அழியவில்லை, படிக்கத்தான் வழியில்லை. ஆகவே நெடுங்காலம் நிலைக்க வேண்டியவற்றைப் பொதுவான முறையில் எழுதி வையுங்கள்.

3. பழைய நிலையைக் காக்கும் 'கிட்'

நான் இழந்ததைப் போல் நீங்கள் இழக்காமல் இருக்க ஒரு கருவி உண்டு. லினக்ஸைத் தந்த அதே டோர்வால்ட்ஸ், 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கிய 'கிட்' என்பதே அது. லினக்ஸ் குழுவினர் அதுவரை கையாண்டுவந்த வேறொரு கருவியை இலவசமாகப் பயன்படுத்தும் உரிமை முடிவுக்கு வந்ததால், தமக்கென ஒன்றை அவரே செய்துகொண்டார். சில நாள்களுக்குள் 'கிட்' தன் நிரலைத் தானே காத்துக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

வேலையில் ஒரு படி முடிந்ததும் 'கமிட்' என்று கட்டளை இட்டால், கோப்புகளின் அப்போதைய நிலையை அது பதிந்துகொள்ளும். பிறகு தவறு நேர்ந்தால் முந்திய நிலைக்குத் திரும்பலாம். நேற்றைக்கும் இன்றைக்கும் எந்த வரி மாறியது, யார் மாற்றினார், எப்போது மாற்றினார் என்பதையும் காட்டும். ஒவ்வொரு பதிவோடும் ஒரு குறிப்பும் எழுத வேண்டும். 'திருத்தினேன்' என்று எழுதுவதால் பயனில்லை. ஏன் திருத்தினோம் என்பதை எழுத வேண்டும். ஆறு மாதம் கழித்து அதைப் படிக்கப் போகிறவர் பெரும்பாலும் நாமேதான்.

'கிட்'டில் எனக்குக் குறையும் தோன்றுகிறது. அதன் கட்டளைகள் பல, பெயர்களோ குழப்புபவை. ஆயினும் ஐந்தாறு கட்டளைகளைக் கற்றால் அன்றாட வேலைக்குப் போதும். இன்னொன்றையும் மறவாதீர்கள். பதிவுகள் அனைத்தும் ஒரே கணிப்பொறியில் இருந்தால், அது பழுதானால் எல்லாமே போய்விடும். வேறோர் இடத்திலும் ஒரு பிரதி இருக்க வேண்டும்.

புதிதாக வந்த துணை

நிற்க. அண்மை ஆண்டுகளில், கேட்டவுடன் தானே நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துள்ளன. நானும் கையாளுகிறேன்; நேரம் மிச்சமாகிறது. ஆனால் அவை தவறாக எழுதும்போதும் சரியாக எழுதுவது போன்ற அதே உறுதியோடு எழுதுகின்றன. தவறு தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. ஆகவே படித்துப் புரிந்துகொள்ளாத ஒரு வரியையும் நான் ஏற்பதில்லை. மருந்துக் கணக்கு தவறினால் பதில் சொல்ல வேண்டியது கருவி அன்று, நான்.

செய்து பாருங்கள்

1. உங்கள் பெயரில் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகள் எத்தனை, யூனிகோடு குறிகள் எத்தனை, பைட்டுகள் எத்தனை என்று கணக்கிடுங்கள்.

2. கட்டுரை ஒன்றைத் திருத்தும்போது பழைய படியை அழிக்காமல், நாளும் காரணமும் குறித்து வைத்துவாருங்கள். ஒரு மாதம் கழித்து முதற் படியையும் கடைசிப் படியையும் ஒப்பிடுங்கள்.

3. வீட்டுக் கணிப்பொறியில் அல்லது செல்பேசியில் உள்ளவற்றுள், தொலைந்தால் திரும்பக் கிடைக்காதது எது? அதற்கு இன்றே வேறோர் இடத்தில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பெற்றோரையும் எடுத்து வைக்கச் செய்யுங்கள்.

மாணவியரே, இருபது ஆண்டுகளில் என் இயங்குதளம் பலமுறை புதிதாயிற்று. கணிப்பொறியும் பல மாறின. அன்று அந்த அக்கா சொன்ன சொல் மட்டும் மாறாமல் நிற்கிறது. இப்போது என்னிடம் வேலை பழகும் பெண்கள் கலங்கிய கண்களோடு வந்து, "அக்கா, எல்லாம் போச்சு" என்று நிற்கும்போது, நானும் திட்டுவதில்லை. முதலில் முகம் கழுவிவரச் சொல்கிறேன். பிறகு அருகில் அமர்ந்து, எந்த இடத்தில் தவறியது என்று இருவரும் சேர்ந்து பார்க்கிறோம்.