தேயிலையின் சுவையும் ஊரின் பேரும்

ஒரே நாற்றுமேடையில் வளர்ந்த தேயிலைக் கன்றுகளைப் பிரித்து, ஒரு பாதியை டிக்கோயாவிலும் மறுபாதியைப் பண்டாரவளையிலும் நடுவதாக வைத்துக்கொள்வோம். உரம் ஒன்று. கவ்வாத்து வெட்டும் முறை ஒன்று. இரண்டு இலையும் ஒரு குருத்துமாகக் கொழுந்து எடுக்கும் முறையும் ஒன்று. ஆனாலும் ஸ்டோரிலிருந்து வெளிவரும் தூள் ஒன்றாக இருக்காது. தேநீரைச் சுவைத்து விலை மதிப்பிடுவதில் பழகியவர், எந்தக் கிண்ணம் எந்த மலையிலிருந்து வந்தது என்று பல வேளைகளில் சொல்லிவிடுவார். செடி ஒன்றாயிருக்கச் சுவை எப்படி வேறாகிறது? அந்த வேறுபாட்டுக்குக் கிடைக்கும் பணம் யாரிடம் போய்ச் சேருகிறது? இவ்விரண்டையும் இப்பாடத்தில் பார்ப்போம். பழைய இடத்தை விட்டுவந்து புதிய நிலத்தில் மண்வெட்டி பிடித்திருக்கும் குடும்பங்களுக்கு இதில் வேலை இருக்கிறது.

முதலில் தூரத்து ஊர் ஒன்றைப் பார்த்துவிட்டு வருவோம். பிரான்ஸ் நாட்டில் ரோன் ஆற்றின் மேற்குக் கரையில் கோர்னாஸ் என்றொரு கிராமம் உண்டு. அந்தப் பேரில் விற்கப்படுவது சிவப்பு வைன் மட்டுமே. அதையும் சிரா என்ற ஒரே திராட்சை இனத்திலிருந்துதான் செய்யவேண்டும். கருங்கல் உதிர்ந்து மண்ணான செங்குத்துச் சரிவு அது. கல்லடுக்கிக் கட்டிய படிகளில் கொடிகள் நிற்கின்றன. பல இடங்களில் இயந்திரம் ஏற முடியாது, மனிதர்தாம் ஏறவேண்டும். நம் மலைகளில் வேலை செய்தவர்களுக்கு அந்த இடத்தை அதிகம் விளக்க வேண்டியதில்லை. சரிவு வெயிலைப் பார்த்திருக்கிறது. வடக்கேயிருந்து வரும் குளிர்காற்றை மலைமடிப்பு தடுக்கிறது. 1938இல் அந்த ஊரின் பேருக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. மொத்தத் திராட்சை நிலம் ஏறக்குறைய 150 ஹெக்டேயர்தான். நம்முடைய பல தோட்டங்கள் அதைவிடப் பெரியவை.

எல்லைக்கு வெளியே உள்ள ஒருவர் அதே சிராவை நட்டு, அதே முறையில் வைன் செய்தாலும் போத்தலில் கோர்னாஸ் என்று எழுத முடியாது. எந்த நிலத்தில் நடலாம், ஒரு ஹெக்டேயரில் எவ்வளவுக்கு மேல் விளைச்சல் எடுக்கக்கூடாது என்பதற்கெல்லாம் விதி உண்டு. மண், சரிவு, வெயில், காற்று, அந்த ஊராரின் கைப்பழக்கம் ஆகிய அனைத்தையும் சேர்த்துப் பிரெஞ்சுக்காரர் 'தெருவார்' என்பார்கள். நாம் மண்வாகு என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி நம் மலைக்கு வருவோம். இலங்கைத் தேயிலையை நுவரெலியா, டிம்புல, ஊவா, உடபுசல்லாவ, கண்டி, சப்ரகமுவ, ருகுணு என 7 பிரதேசப் பேர்களில் தேயிலைச் சபை உலகச் சந்தைக்கு அறிமுகப்படுத்துகிறது. ஹட்டன், டிக்கோயா, பொகவந்தலாவ, மஸ்கெலியா, தலவாக்கலை ஆகியவை டிம்புலவில் அடங்கும். 4000 அடிக்கு மேல் விளைவது உயர்நிலத் தேயிலை, 2000 அடிக்குக் கீழே விளைவது தாழ்நிலத் தேயிலை, இடைப்பட்டது நடுநிலம். நுவரெலியா 6000 அடிக்கும் மேலே இருப்பதால் அங்கே செடி மெதுவாக வளர்கிறது. சாயம் வெளிறி, மணம் மெல்லியதாக வருகிறது.

உயரம் மட்டும் காரணம் என்றால் கதை சுலபம். காற்றும் இருக்கிறது. மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை நோர்வூட், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கங்களில் கொட்டிவிடுகிறது. நடுமலையைத் தாண்டி பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் இறங்கும்போது அதே காற்று ஈரமிழந்து வறண்டுபோகிறது. நம்மவர்கள் அதைக் கச்சான் காற்று என்பார்கள். ஊவாத் தேயிலையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுவோரும் நம் சொல்லையே எடுத்து எழுதுகிறார்கள். தேயிலைக்கு நாம் கொடுத்ததில் சொல்லாவது பதிவில் நின்றிருக்கிறது! ஜூலை முதல் செப்டெம்பர் வரை அந்தக் காற்றில் வாடும் கொழுந்தில் ஊவாவின் பேர்பெற்ற மணம் கூடுகிறது. வலிக்குத் தேய்க்கும் சில தைலங்களின் வாசனைக்கும் அந்த மணத்துக்கும் பொதுவான இரசாயனப் பொருள் ஒன்று உண்டு. மெத்தில் சாலிசிலேற் என்பது அதன் பேர்.

டிம்புலவுக்கு முறை மாறுகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை மேற்குச் சரிவில் பகல் வறண்டும் இரவு குளிர்ந்தும் இருக்கும். தரமான தேயிலைக்கு அங்கே அதுவே காலம். ஸ்டோரிலும் அப்போது வேலைமுறை மாறும். புளிக்க வைக்கும் நேரத்தைக் குறைத்து மணத்தைக் காப்பாற்றப் பார்ப்பார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வறட்சியும் குளிரும் செடிக்குத் துன்பம். துன்பத்தில் செடி மெதுவாகத் துளிர்க்கிறது, மணம் செறிகிறது, ஆனால் எடை குறைகிறது. தூளுக்கு அதிக மதிப்பு வரும் அதே மாதங்களில் கூடையில் கொழுந்து குறைவாக விழுகிறது. ஏலத்தில் தோட்டத்தின் பேர் உயர்கிறது. லயத்தில் 'பேர்' என்றால் வேறு பொருள்: செக்ரோலில் விழும் ஒருநாள் வேலை. கிலோக் கணக்கு நிரம்பாவிட்டால் அரைப்பேர் என்ற பேச்சு வரும். கொழுந்து எடுக்கும் பெண்ணின் விரல் மண்வாகின் ஒரு பகுதி என்பதை எந்தச் சுவைஞரும் மறுக்கமாட்டார். முற்றிய இலையும் காம்பும் கூடையில் விழுந்தால் நுவரெலியாக் குளிராலும் அந்தத் தூளைக் காப்பாற்ற முடியாது. இருந்தும் சம்பளம் எடைக்கும் நாளுக்கும் கணக்கிடப்படுகிறதே தவிர மணத்துக்கு அல்ல. கோர்னாஸ் விவசாயிகளில் பலர் தம் கொடியையும் வைனையும் தாமே வைத்திருப்பவர்கள். பேர் உயர்ந்தால் அவர்கள் வீட்டில் தெரியும்.

சிறு தேயிலைத் தோட்டக்காரரின் நிலை இவ்விரண்டுக்கும் நடுவே இருக்கிறது. அவர் கொழுந்தைத் தொழிற்சாலைக்கு விற்கிறார். தூள் விற்ற பணத்தில் 68 பங்கு கொழுந்து கொடுத்தவருக்கும் 32 பங்கு தொழிற்சாலைக்கும் என்பது நீண்டகாலமாக வழங்கிவரும் விலைச்சூத்திரம். ஆகவே தூளின் விலை ஏறினால் அவருக்கும் ஏதோ கிடைக்கும். நாட்டின் தேயிலையில் மிகப் பெரும்பங்கு இன்று சிறு தோட்டங்களிலிருந்தே வருகிறது.

மண்வாகை மட்டும் நம்பி விலை வந்துவிடும் என்றும் எண்ணவேண்டாம். கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. அங்கே பல ஆண்டுகளாகத் தாழ்நிலத் தேயிலையின் சராசரி விலை நம் உயர்நிலத் தேயிலையை மிஞ்சி நின்றிருக்கிறது. மத்திய கிழக்கு வாடிக்கையாளர் கறுப்பாக முறுகிய பெரிய இலையையும் கடுஞ்சாயத்தையும் விரும்புவதே முக்கிய காரணம். சுவையை நிலம் கொடுக்கிறது. விலையை வாங்குபவரின் விருப்பம் கொடுக்கிறது. பேரைக் காப்பவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவே பாலம் போடவேண்டியிருக்கிறது.

இந்தியாவில் டார்ஜிலிங் தேயிலையின் பேர் 2004இல் புவிசார் குறியீடாகப் பதிவாயிற்று. நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் புலமைச்சொத்துச் சட்டம் இத்தகைய பேர்களுக்குப் பாதுகாப்பு அளித்தது. அவற்றைப் பதிவுசெய்ய வழிவகுத்த திருத்தம் 2022இல் வந்தது. அதே ஆண்டு இலங்கைக் கறுவா ஐரோப்பாவில் பதிவைப் பெற்றது. இந்த வகைப் பதிவில் ஒரு பேரின் எல்லை எது, செய்முறை எது என்று விதி எழுதவேண்டும். எழுதும் மேசையில் தொழிற்சாலைக்காரரும் ஏற்றுமதியாளரும் நிச்சயம் இருப்பார்கள். கொழுந்து எடுப்பவர்களுக்கும் சிறு தோட்டக்காரருக்கும் அங்கே நாற்காலி வேண்டும் என்று சங்கங்களும் கூட்டுறவுகளும் முன்கூட்டியே கேட்பது நல்லது. விதி எழுதி முடிந்தபின் கேட்டால் பயன் குறைவு.

சரி, தேயிலை மலையே இல்லாதவர்களுக்கு இதில் என்ன? 1970களில் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனவர்கள், 1977இலும் 1983இலும் வன்செயலால் ஓடியவர்கள், 2014 ஒக்டோபரில் மீரியாபெத்தையில் மலை சரிந்து வீடிழந்தவர்கள், 2025 நவம்பர்ப் புயலிலும் மண்சரிவிலும் இடம்பெயர்ந்தவர்கள் என நம்மிடையே பலர் உண்டு. விதையையும் அனுபவத்தையும் கொண்டுவரலாம். காற்றைக் கொண்டுவர முடியாது. மழைக்காட்டு மலையில் பழகிய ஒருவர் வன்னிக்குப் போனபோது வாய்க்காலையும் குளத்து நீரையும் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்துக் கறுத்தக்கொழும்பான் மாங்கன்றை ஹட்டனில் நட்டுவிட்டு அந்தப் பழத்தை எதிர்பார்ப்பவர் ஏமாறுவார்.

ஆகவே புதிய துண்டில் முதல் வருடம் கேள்வி கேட்கும் வருடமாக இருக்கட்டும். காலை வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, பனிமூட்டம் எத்தனை மணிக்கு விலகுகிறது, மழை விட்டபின் நீர் எங்கே தேங்குகிறது, கச்சான் எப்போது வறட்டுகிறது என்று குறித்து வையுங்கள். அருகே நெடுநாள் வேலை செய்த முதியவர்களைக் கேளுங்கள். பன்னங்கள் செழித்து நிற்கும் இடத்தில் மண் பெரும்பாலும் புளிப்பாக இருக்கும்.

குறிப்பாக, கைவிடப்பட்ட தேயிலை நிலத்தில் மரக்கறி போடுகிறவர்கள் மண்ணைச் சோதித்துக்கொள்ள வேண்டும். தேயிலை புளிப்பு மண்ணை விரும்புவது. மண்ணின் பீஎச் அளவு 4.5 முதல் 5.5 வரை இருந்தால் அதற்குச் சுகம். கரட், கோவா, போஞ்சி போன்றவற்றுக்கு 6 அளவில் இருந்தால் நல்லது. பல வருடம் யூரியாவும் அமோனியா உரமும் போட்ட நிலத்தில் புளிப்பு இன்னும் ஏறியிருக்கலாம். சோதனையின்படி டொலமைற் அல்லது சுண்ணாம்பு இட்டபிறகே பயிரிடுங்கள். விவசாயப் போதனாசிரியரிடம் மண்மாதிரி கொடுக்கும்போது நிலத்தின் மேட்டிலிருந்தும் பள்ளத்திலிருந்தும் தனித்தனியாக எடுத்துக் கொடுக்கவேண்டும். ஒரே துண்டிலும் மண்வாகு இரண்டாக இருக்கும்.

அடுத்த குழுக்கூட்டத்தில் ஒரு பயிற்சி செய்து பாருங்கள். நம் லயங்களில் பெரும்பாலும் டஸ்ட் தூளைத்தான் குடிக்கிறோம். நம் கை பட்ட உயர்ந்த தூளின் சுவையே நம்மில் பலருக்குத் தெரியாது. டிம்புல, ஊவா, தாழ்நிலம் என மூன்று வகைத் தூளில், முடிந்தால் ஒரே ரகமாக, சிறிது வாங்குங்கள். 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தூள், மூடி வைத்து 6 நிமிடம், பிறகு வடித்துவிடுங்கள். பாலும் சீனியும் வேண்டாம். கிண்ணங்களில் பேர் எழுதாமல் வைத்து, சற்று ஆறியபின் ஒவ்வொரு வாயாகச் சுவைத்து, எது எந்த மலை என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும். கொழுந்து எடுத்தவர்கள் முதலில் பேசட்டும்.