செல்போன் பூஸ்டர் வாங்கப் போகிறீர்களா?

திருவொற்றியூரில் எங்கள் தெருவில் தகரக் கூரை வீடுகள் அதிகம். தகரம் ரேடியோ அலைகளைத் தடுப்பதால் வீட்டுக்குள் செல்போன் சிக்னல் குறையும். இதற்காகச் சிலர் பூஸ்டர் மாட்டுகிறார்கள். இது சரியா?

பூஸ்டர் எப்படி வேலை செய்கிறது?

மாடியில் உள்ள ஆன்டெனா டவர் சிக்னலைப் பிடிக்கும். நடுவில் உள்ள பெட்டி அதைப் பெருக்கி, உள் ஆன்டெனா வழியாக வீட்டுக்குள் பரப்பும். உங்கள் பேச்சும் இதே வழியில் டவருக்குத் திரும்பும். பிரச்சினை இங்குதான். தரமற்ற பூஸ்டர் பேச்சுடன் இரைச்சலையும் பெருக்கி அனுப்பும். இரண்டு ஆன்டெனாக்களும் அருகருகே இருந்தால், ஸ்பீக்கர் முன் மைக்கை நீட்டியது போல ஊளையிடும். இது நம் காதில் விழாது. ஆனால் அந்த இரைச்சலில் மற்றவர்களின் போன் டவருக்குக் 'கேட்காது'. பக்கத்து வீட்டுக்காரர் அவசரத்துக்கு 108ஐ அழைத்தாலும் இணைப்பு கிடைக்காமல் போகலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

உரிமம் இல்லாமல் இத்தகைய கருவியை வைத்திருப்பதை 1933ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்தது. 2023ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டமும் அனுமதி தேவை என்கிறது. கடையில் கிடைப்பதாலேயே அது சட்டப்படி சரியாகிவிடாது.

மாற்று வழி

கம்ப்யூட்டருக்காக வாங்கிய பிராட்பேண்டே போதும். போனின் செட்டிங்ஸில் 'வைஃபை காலிங்' வசதியை ஆன் செய்யுங்கள். ஏர்டெல் 2019 டிசம்பரிலும், ஜியோ 2020 ஜனவரியிலும் இதைத் தொடங்கின. பிறகும் சிக்கல் இருந்தால் உங்கள் செல்போன் நிறுவனத்திடம் புகார் செய்யுங்கள்.