ஊர் நூலகத்தைப் பயன்படுத்துவது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கடைசியாக வீட்டு வரி கட்டிய ரசீதை எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டின் பல ஊராட்சிகளில் வீட்டு வரிக்குக் கீழே இன்னொரு வரியும் அச்சாகியிருக்கும்: நூலக வரி. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலகத்துக்கென்று வாங்குகிறார்கள். 600 ரூபாய் வரி என்றால் அதன்மேல் 60 ரூபாய். வாடகை வீட்டில் இருப்பவருக்கும் இதில் பங்கு உண்டு. வீட்டுக்காரர் கட்டுகிற வரி வாடகைக்குள்தானே அடங்கியிருக்கிறது.

வழிகாட்டியை ரசீதிலிருந்து தொடங்கக் காரணம் இருக்கிறது. நூலக வாசலில் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். "உள்ள விடுவாங்களா?", "நமக்கு அங்க என்ன வேலை?" என்று கேட்டவர்களும் உண்டு. அவர்கள் எல்லோருமே அந்தக் கட்டடத்துக்குக் காசு கொடுத்துக்கொண்டிருப்பவர்கள். தயக்கத்தோடு போகிற இடம் இல்லை அது.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூல்களைப் பூட்டிப் பாதுகாப்பதுதான் நூலகரின் வேலை என்றிருந்த காலத்தில், நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பதை முதல் விதியாக வைத்து, நூலக அறிவியலின் ஐந்து விதிகளை 1931-ல் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் நூல்கள் போகத் தொடங்கின. வண்டி வருகிற நாளுக்காக ஊர் காத்திருந்தது.

மக்களிடம் சிறு வரி வாங்கி, அதை நூலகத்துக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்று ரங்கநாதன் ஆண்டுக்கணக்கில் வாதாடினார். அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948-ல், சென்னை பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலைக்குப் பின் இந்தியாவில் வந்த முதல் நூலகச் சட்டம் அதுதான். 1950 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது. 1972-ல் பொது நூலகத் துறை தனித் துறையாகி, வே. தில்லைநாயகம் அதன் இயக்குநரானார்.

பணம் போகும் வழியையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் உதவும். ஊராட்சியோ நகராட்சியோ வரியை வசூலித்து, அந்த மாவட்டத்தின் நூலக ஆணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டும். நூல், நாளிதழ், வாடகை, மின்கட்டணம் என்று செலவெல்லாம் அங்கிருந்துதான் ஓடுகிறது.

படி 1: உங்களுக்கு எந்த நூலகம் என்று பாருங்கள்

மாநிலம் முழுக்க நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. மாவட்டத் தலைநகரில் மாவட்ட மைய நூலகம். பேரூர், நகரங்களில் கிளை நூலகம். கிராமத்தில் ஊர்ப்புற நூலகம். அதைவிடச் சின்ன ஊரில், ஊர்க்காரர்கள் இடம் கொடுத்து நடக்கும் பகுதி நேர நூலகம். சில மாவட்டங்களில் நடமாடும் நூலக வண்டியும் சுற்றுகிறது.

பக்கத்தில் இருப்பதிலிருந்தே தொடங்குங்கள். மைய நூலகத்தில் நூல் அதிகம்தான். ஆனால் பஸ் ஏறிப் போக வேண்டிய நூலகத்துக்கு நாம் இரண்டு வாரம் போவோம், மூன்றாம் வாரம் போக மாட்டோம்.

நேரத்தை வாசல் பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள். பல கிளைகள் காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம் என்று இரண்டு வேளையாகத் திறக்கின்றன, மதியம் பூட்டியிருக்கும். கிளைகளில் வார விடுமுறை பெரும்பாலும் வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் வரட்டும் என்றுதான் இப்படி. இது தெரியாமல் வெள்ளிக்கிழமை போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு, "அது எப்பவும் மூடித்தான் கெடக்கும்" என்று முடிவு கட்டிவிடுகிறவர்கள் நிறைய.

படி 2: முதல் நாள் சும்மா போய் உட்காருங்கள்

உள்ளே உட்கார்ந்து படிக்க உறுப்பினர் ஆக வேண்டியதில்லை, காசும் வேண்டாம். மேசையில் வருகைப் பதிவேடு இருக்கும். பெயர் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அதை மட்டும் தவிர்க்காதீர்கள். ஒரு கிளைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று மேலிடத்துக்குச் சொல்வது அந்தப் பதிவேடுதான். நீங்கள் போடாத கையெழுத்து, வராத ஆள் கணக்கில் சேரும்.

காலையில் நாளிதழ் மேசைதான் நிறைந்திருக்கும். ஓய்வு பெற்றவர்கள், கடை திறக்கும் முன் வருகிறவர்கள், வேலை தேடுகிற இளைஞர்கள். ஒரே தாளைப் பக்கம் பக்கமாகப் பிரித்து நாலு பேர் படிப்பார்கள். ஒருநாள் அங்கே உட்கார்ந்தாலே கூச்சம் போய்விடும்.

படி 3: உறுப்பினராகுங்கள்

விண்ணப்பம் நூலகத்திலேயே கிடைக்கும். முகவரிக்கு ஆதார் நகல், கேட்டால் ஒரு புகைப்படம். சிறிய காப்புத் தொகையும் ஆண்டுச் சந்தாவும் கட்ட வேண்டும். தொகை நூலகத்தின் வகைக்கும் எத்தனை நூல் எடுக்கப் போகிறீர்கள் என்பதற்கும் ஏற்ப மாறும். கட்டியதற்கு ரசீது வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

வீட்டில் ஒருவர் பெயரில் மட்டும் எடுக்காதீர்கள். என் அம்மா நூலகத்துக்குள் காலெடுத்து வைத்ததே இல்லை. ஆனால் அவர் பெயரில் ஒரு அட்டை இருந்தது. சைக்கிளில் போய் நான் எடுத்து வருவேன். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது, பக்கத்துச் சுவரில் சாய்ந்து நின்றபடியே நாவல்களைப் படித்து முடித்தார். "இது ஏற்கெனவே கொண்டாந்ததுடா" என்று திருப்பி அனுப்புகிற அளவுக்கு ஒரு கட்டத்தில் அந்த அடுக்கே அவருக்கு மனப்பாடமாகிவிட்டது. இப்படி உள்ளே வராமலே படிக்கிற ஒருவர் பல வீடுகளில் இருக்கிறார். முதல் அட்டை அவருக்கு.

படி 4: நூலைக் கண்டுபிடியுங்கள்

புதியவர்கள் திணறுவது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நூல்கள் பொருள்வாரியாக அடுக்கப்பட்டிருக்கும். முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டிலுள்ள எண் அந்தப் பொருளைக் குறிக்கிறது. அதை மனப்பாடம் செய்ய வேண்டாம். உங்களுக்குப் பிடித்த ஒரு நூலைக் கண்டுபிடித்து, அதற்கு இடமும் வலமும் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். நாவல், வரலாறு, வைத்தியம், வேளாண்மை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மூலை இருப்பது இரண்டு வருகையில் பிடிபட்டுவிடும்.

அடுக்குக்குப் போகும் முன், திருப்பிக் கொடுத்த நூல்கள் குவிந்திருக்கும் மேசையைப் பாருங்கள். ஊரில் யாரோ ஒருவர் வீடு வரை தூக்கிப் போய்ப் படித்துவிட்டுக் கொண்டுவந்தவை அவை. நூலின் உட்புறம் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டையும் பாருங்கள். முத்திரை நிறைந்து கிடந்தால் அந்த நூல் உங்கள் ஊரில் ஓடுகிற நூல். முத்திரையே இல்லாத நல்ல நூலும் கிடைக்கும். பத்து ஆண்டு அடுக்கில் இருந்த நூலுக்கு முதல் முத்திரை என் கையால் விழுந்த நாள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

எடுத்த நூல் வேண்டாம் என்றால் நீங்களே அடுக்கில் செருகாதீர்கள். மேசையில் வைத்துவிட்டுப் போங்கள். இடம் மாறிப் போன நூல் தொலைந்த நூலுக்குச் சமம். அடுத்து வருகிறவர் எங்கே போய்த் தேடுவார்?

எல்லாவற்றையும்விட நல்ல வழி நூலகரைக் கேட்பது. பல கிளைகளில் அவர் ஒற்றை ஆளாகத்தான் இருப்பார். நாளிதழ் அடுக்குவது, பதிவேடு எழுதுவது, நூல் கொடுப்பது எல்லாம் அவரே. கூட்டமில்லாத நேரம் பார்த்துக் கேளுங்கள். கேட்கிற விதமும் முக்கியம். "சார், நல்ல புக் ஏதாச்சும் இருக்கா?" என்றால் அவர் என்ன சொல்வார்? "மேடம், என் பையன் ஏழாவது படிக்கிறான். கிரிக்கெட்டைத் தவிர எதுவும் பிடிக்காது. அவன் படிக்கிற மாதிரி ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள். எழுந்து வந்து எடுத்துக் கொடுப்பார். அந்தக் கேள்விக்காகத்தான் அவர் படித்துவிட்டு வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பலர் கேட்பதே இல்லை.

படி 5: எடுத்த நூலைத் திருப்பிக் கொடுங்கள்

தேதிச் சீட்டில் உள்ள நாளுக்குள் கொண்டுபோங்கள். முடிக்கவில்லை என்றால் புதுப்பித்துத் தரச் சொல்லலாம். நூல் தொலைந்துவிட்டால் ஒளிந்துகொள்ள வேண்டாம். அதே நூலை வாங்கிக் கொடுப்பதோ விலையைக் கட்டுவதோதான் வழக்கம். ஒரு நூல் தொலைந்த கூச்சத்தில் நூலகத்தையே விட்டவர்களை எனக்குத் தெரியும். அந்த நஷ்டம் பெரிது.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு

டிஎன்பிஎஸ்சி, காவலர் தேர்வு என்று படிக்கிற பிள்ளைகளால்தான் பல மைய நூலகங்கள் இன்று உயிரோடிருக்கின்றன. பயிற்சி மையத்துக்குக் கட்டப் பணமில்லாத வீட்டிலிருந்து, தூக்குவாளியில் சோறு கட்டிக்கொண்டு காலையிலேயே வந்து இடம் பிடிக்கிறார்கள். ஆறாம் வகுப்பு முதலான பள்ளிப் பாடநூல்கள், வழிகாட்டி நூல்கள், பொது அறிவு மாத இதழ்கள், பழைய நாளிதழ்கள் எங்கே இருக்கின்றன என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கலாமா என்பதையும் கேளுங்கள். சென்னை கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் அதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

பெண் பிள்ளைகள் நாள் முழுக்க உட்கார்ந்து படிக்க முதலில் வேண்டியது கழிப்பறை. அது இல்லாத கிளைகள் இன்னும் இருக்கின்றன. பெற்றோரும் வாசகர்களும் சேர்ந்து எழுத்தில் கேட்க வேண்டிய விஷயம் இது.

குழந்தைகளும் வர முடியாதவர்களும்

குழந்தையைக் கூட்டிப்போனால் நூலை அதுவே எடுக்கட்டும். படம் மட்டும் பார்த்துவிட்டு வைத்தாலும் பரவாயில்லை. மதுரைப் பக்கம் இருந்தால் 2023 ஜூலை 15-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பகுதிக்கு ஒரு விடுமுறை நாளில் கூட்டிப்போங்கள்.

பார்வையற்றோருக்கு அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெயில் பிரிவு இருக்கிறது. முதியோருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் தன்னார்வலர்கள் வீட்டுக்கே நூல் கொண்டுபோய்க் கொடுக்கும் 'நூலக நண்பர்கள்' திட்டம் உண்டு. உங்கள் கிளையில் அது நடக்கிறதா என்று கேளுங்கள். நடந்தால் வாரம் ஒரு மணி நேரம் நீங்களே ஒரு நண்பராகலாம்.

கேட்ட நூல் கிளையில் இல்லையென்றால்

மாவட்ட மைய நூலகத்தில் விசாரியுங்கள். அங்கும் இல்லாத பழைய நூலுக்குச் சென்னை எழும்பூரில் உள்ள கன்னிமாரா நூலகம். 1896-ல் திறந்தது. 1954-ம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் பதிப்பாகும் நூல்களின் படி வந்து சேரும் நான்கு நூலகங்களில் அதுவும் ஒன்று. சென்னைக்குப் போக முடியாதவர்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடலாம். நாட்டுடைமையான நூல்களும் பழைய இதழ்களும் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன.

படி 6: நூலகத்துக்குத் திருப்பிச் செய்யுங்கள்

1,000 ரூபாய் கொடுத்தால் புரவலர் ஆகலாம். ஆயிரம் இல்லாதவர் வாசகர் வட்டத்தில் சேரலாம். மாதம் ஒரு கூட்டம், ஒரு நூலைப் பற்றிப் பேச்சு, நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரத்தில் பிள்ளைகளுக்குப் போட்டி என்று நடத்துவது இந்த வட்டங்கள்தான். வட்டம் சுறுசுறுப்பாக இருக்கும் ஊரில் ஒழுகும் கூரைகூடச் சீக்கிரம் சரியாகிறது. கேட்பதற்கு நாலு பேர் இருக்கிறார்களே. வீட்டிலுள்ள பழைய நூல்களைக் கொடுப்பதானால், கிழிந்ததையும் காலாவதியான பாடநூலையும் தவிர்த்து, நீங்கள் மறுபடி படிக்க நினைக்கும் நூலைக் கொடுங்கள்.

இன்னொன்று, கிராமத்தில் இருப்பவர்களுக்கு. ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாள்களில் கிராம சபை கூடும். ஊராட்சியின் வரவு செலவு அங்கே வரும். எழுந்து நின்று கேளுங்கள்: போன வருஷம் வசூலான நூலக வரி எவ்வளவு, அதில் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு அனுப்பியது எவ்வளவு? கேட்கும்போது அந்த வீட்டு வரி ரசீது கையில் இருக்கட்டும்.