வளர்ந்தவர்களுக்குக் கார் சீட் தேடுவோருக்கு

உடல் இயலாத மகனுக்கோ, பக்கவாதம் வந்த அப்பாவுக்கோ காரில் தோதான சீட் தேடிப் புதிதாகக் கிளம்பியிருப்பவர்களுக்கு, பல ஆண்டுகள் இந்த வேலையில் இருந்த கிழவன் சொல்வது.

1. கடைக்கு முன் இஞ்ச் டேப். இடுப்பின் அகலம், முதுகிலிருந்து முழங்கால் மடிப்பு வரை நீளம், உட்கார்ந்தால் தோள் உயரம், எடை. பிறகு கார்க் கதவு எவ்வளவு திறக்கிறது, தரையிலிருந்து சீட் எவ்வளவு உயரம். சக்கர நாற்காலியும் கார் சீட்டும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. தாராளமாக இருக்கும் என்று உயரமான வண்டி வாங்கிவிட்டு, மகனைத் தூக்கித் தூக்கி முதுகு பிடித்துக்கொண்ட அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன்.

2. குழந்தை சீட்டிலேயே பெரிய சைஸ் கேட்டு அலையாதீர்கள். குழந்தை சீட்டுக்கான தரவிதிகளான நம் நாட்டு ஏஐஎஸ்-072, அமெரிக்காவின் எஃப்எம்விஎஸ்எஸ் 213 இரண்டும் 36 கிலோவோடு நின்றுவிடுகின்றன. அதற்கு மேல் எடை தாங்கும் சிறப்பு சீட்டுகள் வெளிநாட்டில் உண்டு. விற்பவர் “கிராஷ் டெஸ்ட் ஆனது” என்றால், எத்தனை கிலோ பொம்மையை வைத்து என்று கேளுங்கள்.

3. இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். நிமிர்த்திப் பிடிக்கும் பட்டை வேறு, மோதலில் உயிரைக் காக்கும் பெல்ட் வேறு. மார்பைச் சுற்றி ஒட்டும் வெல்க்ரோ, உடம்பு பக்கவாட்டில் சரியாமல் பார்த்துக்கொள்ளும், மோதினால் பிய்ந்துவிடும். காப்பது வண்டியோடு வந்த மூன்றுமுனை பெல்ட்தான். அதன் கீழ்ப்பட்டை வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பின் மேல் தாழ்வாகப் படியவேண்டும். மேல்பட்டை கழுத்தை அறுக்காமல் காறை எலும்பின் நடுவே போகவேண்டும். கீழே கனமான ஸ்பாஞ்ச் போட்டாலோ, தலை தொங்குகிறது என்று சீட்டை ரொம்பச் சாய்த்தாலோ, மோதும்போது உடம்பு பெல்ட்டுக்கு அடியில் நழுவும். தலைக்கு இருபுறமும் தாங்கி வைக்கலாம். ஆனால் நெற்றியை ஹெட்ரெஸ்டோடு கட்டவே கட்டாதீர்கள். உடம்பு முன்னே பாயும், தலை பின்னாலேயே நிற்கும். நடுவில் மாட்டுவது கழுத்து.

4. வெளிப்பக்கம் திரும்பும் சுழல் சீட், முட்டிவலிக்காரர்களுக்கும் ஓரளவு நிமிர்ந்து உட்காரக்கூடியவர்களுக்கும் நல்லது. கால் விறைப்பு அதிகமுள்ளவருக்கும், நெட்டையானவருக்கும் திரும்பும்போது முழங்கால் கதவோரத்தில் இடிக்கும். உட்காரவைத்துத் திருப்பிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கம்பெனி போட்ட போல்ட் துளைகளிலேயே பூட்டவேண்டும். தெருமுனை வெல்டிங் பட்டறை வீட்டு இரும்புக் கேட்டுக்குச் சரி, சீட்டுக்குச் சரிவராது. சீட்டுக்கு அடியில் ஏர்பேக் ஒயர் இருந்தால் வெட்ட விடாதீர்கள்.

5. தூக்கி மாற்றவே முடியாதவர் சக்கர நாற்காலியோடுதான் ஏறவேண்டும். அதற்கு, வண்டியில் இருக்கையாகப் பயன்படும் நாற்காலிகளுக்கான ஐஎஸ்ஓ 7176-19 தரச்சோதனையில் தேறிய நாற்காலியும், அதைத் தரையோடு இறுக்கும் நான்கு பட்டைகளும் வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் பார்க்கும் மடக்கு நாற்காலி இதற்கு ஆகாது.

6. வண்டியில் மாற்றம் செய்யுமுன் ஆர்.டி.ஓ. அனுமதி, மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52. ஆர்.சி.யில் பதிவானால், காப்பீட்டில் வண்டியின் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் பாதி தள்ளுபடிக்கு விதியில் இடமுண்டு. ஏஜென்ட் தானாகச் சொல்லமாட்டார்.

7. உட்காரும் நிலையைச் சோதிக்க முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் (நிப்மெட்), வேலூர் சி.எம்.சி. மறுவாழ்வுத் துறை போன்ற இடங்களுக்குப் போங்கள். கார் விற்பவரிடம் முதுகெலும்பைப் பற்றிக் கேட்டு என்ன பயன்?

8. உட்காரப்போகிறவரிடம் கேளுங்கள். முப்பது வயதுக்காரருக்குக் கரடிபொம்மைத் துணி போட்ட சீட்டைக் காட்டினால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வதில் நியாயம் இருக்கிறது.

9. வெயிலில் நின்ற காரின் ரெக்சினும் பெல்ட் கொக்கியும் உணர்வில்லாத தொடையைச் சுட்டுக் கொப்புளமாக்கும். அவருக்குத் தெரியவும் தெரியாது. துண்டு விரித்து, கையால் தொட்டுப் பார்த்தபின் உட்காரவையுங்கள். பெல்ட் அறுக்கும் கத்தி ஒன்று ஓட்டுபவர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், டிக்கியில் வேண்டாம்.