உதடு முந்துது, குரல் பிந்துது: வீடியோ எடிட்டிங்கில் நான்கு கோளாறுகள்



எங்கள் கிளையில் தேவார வகுப்பு நடத்திய டீச்சர் மகளோடு வேறு மாநிலத்துக்குக் குடிபோனார். அவருடைய கடைசி வகுப்பை ஓர் அண்ணன் கைத்தொலைபேசியில் முழுதாகப் பதிவு செய்திருந்தார். பிரியாவிடை விழாவில் அதைத் திரையில் காட்ட வேண்டும். "நீதான் இன்ஜினியரிங் படிக்கிறியே, எடிட் பண்ணிக் கொடு தம்பி" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் படிப்பது மெக்கானிக்கல்! இருந்தாலும் தலையாட்டினேன். விழாவுக்கு முந்தின ராத்திரி ஒன்றன்பின் ஒன்றாகக் கோளாறு. அன்று பட்டதை எழுதுகிறேன், நீங்கள் படாமல் இருக்க.

1. கிளிப் எல்லாம் காணோம்!

நண்பன் வீட்டில் பாதி வேலையை முடித்து, புராஜெக்ட் கோப்பை மட்டும் பெண்டிரைவில் போட்டு எடுத்து வந்தேன். என் மடிக்கணினியில் திறந்தால், படம் இருக்க வேண்டிய இடத்தில் 'மீடியா ஆஃப்லைன்' என்று வருது.

காரணம் இதுதான். புராஜெக்ட் கோப்புக்குள் வீடியோ கிடையாது. எந்த வீடியோ எந்த ஃபோல்டரில் இருக்கிறது, எங்கே வெட்ட வேண்டும் என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கும். சமையல் குறிப்பை எடுத்துக்கொண்டு அரிசி பருப்பை விட்டுவிட்டு வந்த கதை.

வீடியோ, படம், பாட்டு, புராஜெக்ட் எல்லாவற்றையும் முதலிலேயே ஒரே ஃபோல்டரில் போடுங்கள். கொண்டு போனால் அந்த ஃபோல்டரை அப்படியே கொண்டு போங்கள். இடம் மாறிவிட்டதா? பிரீமியரில் 'லிங்க் மீடியா', டாவின்ச்சி ரிசால்வில் 'ரீலிங்க்' கொடுத்துப் புது இடத்தைக் காட்டினால் போதும். இன்னொன்று, ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பெண்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றுங்கள். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது அழியும், முதலில் நகல் எடுத்துவிடுங்கள்.

2. உதடும் குரலும் சேரவில்லை

இதுதான் என்னை அழ வைத்தது. தொடக்கத்தில் எல்லாம் சரி. இருபதாவது நிமிடத்தில் டீச்சர் வரியைப் பாடி வாயை மூடிய பிறகுதான் குரல் முடியுது. ஒலியைக் கொஞ்சம் முன்னால் தள்ளினேன். அங்கே சரியானது, ஆரம்பம் கெட்டது.

இங்கே ஒரு சோதனை செய்யுங்கள். தொடக்கம், நடு, கடைசி என்று மூன்று இடத்தில் பாருங்கள். இடைவெளி எங்கும் ஒரே அளவா? ஒலியை நகர்த்தினாலே தீரும். போகப் போகக் கூடுதா? நகர்த்திப் பயனில்லை, வேகமே ஒத்துப்போகவில்லை.

பல கைத்தொலைபேசிகள் நொடிக்கு இத்தனை படம் என்று ஒரே சீராக எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும். சில எடிட்டிங் மென்பொருள்கள் அதைச் சீரான வேகம் என்று எடுத்துக்கொள்ளும். உதாரணத்துக்கு, நொடிக்குச் சராசரி 29.97 படம் உள்ள வீடியோவை 30 என்று ஓட்டினால் வித்தியாசம் 0.1 விழுக்காடுதான். ஆனால் 20 நிமிடம் என்பது 1200 நொடி. அதற்குள் படம் 1.2 நொடி முந்திவிடும். பாட்டில் அது தெரியாமல் போகுமா?

தீர்வு: ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் வீடியோவைத் திறந்து, 'வீடியோ' பகுதியில் 30 என்று வைத்து, 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். வெட்டத் தொடங்கும் முன்பே இதைச் செய்ய வேண்டும். நான் வெட்டி முடித்த பிறகு செய்ததால் எல்லாவற்றையும் மறுபடி வெட்டினேன்.

அப்போது மணி இரண்டு. டிஸ்க்கில் இடமில்லை. 'அதான் புதுசு வந்திருச்சே' என்று மூலக் கோப்பை அழிக்கப் போனேன். ஏதோ தோன்றி, புதுக் கோப்பைக் கடைசிவரை ஓட்டிப் பார்த்தேன். பாதியில் நின்றுவிட்டது! இடம் போதாமல் மாற்றமே முழுமையாகவில்லை. வேறு சாமான்களை அழித்து இடம் செய்து, மறுபடி மாற்றினேன். மறுநாள் காலை அந்த அண்ணன் சொன்னார்: "உன்கிட்டதான் இருக்கேன்னு போன்ல அழிச்சிட்டேன்பா." எனக்கு உடம்பு சில்லிட்டது.

3. தமிழ் எழுத்து உடையுது

தலைப்பில் 'தேவாரம்' என்று அடித்தால் கொம்பு 'த'வுக்குப் பின்னால் போய் நிற்குது. எழுத்துருவை நான்கு முறை மாற்றினேன், பயனில்லை. தவறு அங்கே இல்லை. யூனிகோடில் முதலில் 'த', பிறகுதான் கொம்பு என்று பதிவாகும். திரையில் அதை முன்னால் கொண்டுவருவது மென்பொருளின் வேலை. ஆங்கிலத்துக்கான அமைப்பில் இருந்தால் அது நடக்காது.

பிரீமியரில் 'பிரிஃபரன்சஸ்', 'கிராஃபிக்ஸ்' பகுதியில் 'சவுத் ஏஷியன்' அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் 'டைப்' பகுதியில் இதே போன்ற தேர்வு இருக்கும். மாற்றியதும் தலைப்பைப் புதிதாக அடித்துப் பாருங்கள். எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள் வந்தால் மட்டும் எழுத்துருவைச் சந்தேகப்படுங்கள். லதா, இணைமதி, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றவை உதவும்.

4. வீடியோ திக்கித் திக்கி ஓடுது

புதுக் கைத்தொலைபேசிகள் பெரும்பாலும் வீடியோவை நன்றாக அமுக்கிச் சேமிக்கின்றன. அதை விரித்துக் காட்டப் பழைய மடிக்கணினி திணறும். 'பிராக்ஸி' உருவாக்குங்கள். சிறிய நகலை வைத்து வெட்டலாம். வெளியிடும்போது மென்பொருள் மூலக் கோப்பையே எடுத்துக்கொள்ளும்.

கடைசியாக ஒன்று. கோளாறு வந்தால் கண்ட பட்டனை எல்லாம் அமுக்காதீர்கள். எங்கே தொடங்குது, எல்லாக் கிளிப்பிலுமா என்று முதலில் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூலக் கோப்புக்கு இரண்டு நகல், இரண்டு வேறு இடங்களில் வையுங்கள். தலைப்பை மறுபடி அடிக்கலாம், வெட்டியதை மறுபடி வெட்டலாம். அந்த வகுப்பை மறுபடி எடுக்க முடியாது.

விழாவில் வீடியோ ஓடியது. பிள்ளைகள் திரையில் டீச்சரோடு சேர்ந்து பாடினார்கள். அவர் போன பிறகும் அதைப் போட்டுத்தான் பயிற்சி எடுக்கிறார்கள். உதடும் குரலும் சேர்ந்தே போகுது.