விருந்தாளி கைக்கெட்டும் தூரத்தில் சூப்பர்மேன்

ஹாலிவுட் நடிகர் நிக்கோலஸ் கேஜின் லாஸ் ஏஞ்சல்ஸ் வீட்டில் 2000-ஆம் ஆண்டு ஒரு விருந்து. வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பியபின் பார்த்தால், சுவரில் ஃபிரேம் போட்டு மாட்டியிருந்த மூன்று காமிக்ஸ் இதழ்களைக் காணவில்லை. ஒன்று, சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ். 1938-இல் 10 சென்ட்டுக்கு விற்றது. கேஜ் அதை 1990-களில் ஒன்றரை லட்சம் டாலர் கொடுத்து வாங்கியிருந்தார். இன்னொன்று, பேட்மேன் அறிமுகமான ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 27-ஆம் இதழ். மூன்றாவது, ‘மார்வெல் மிஸ்டரி காமிக்ஸ்’ 71.

பதினோரு ஆண்டுகளுக்கு ஒரு தகவலும் இல்லை. 2011-இல் கலிஃபோர்னியாவில் ஒரு வாடகைக் கிடங்கில் யாரோ விட்டுப்போன சாமான்களை ஒருவர் மொத்தமாக விலைக்கு எடுத்தார். அந்தக் குவியலுக்குள் சூப்பர்மேன் இருந்தார். அந்த இதழைக் கேஜுக்கு விற்றிருந்த நியூயார்க் வியாபாரி ஸ்டீபன் ஃபிஷ்லர், அதே பிரதிதான் என்று அடையாளம் சொன்னார். அந்த ஆண்டு நவம்பரிலேயே அது 21 லட்சம் டாலருக்கும் மேல் ஏலம் போனது. 2026 ஜனவரியில் ஒன்றரைக் கோடி டாலருக்குக் கைமாறியது.

மதிப்புள்ள காமிக்ஸை வீட்டிலோ கடையிலோ கண்காட்சியிலோ பார்வைக்கு வைப்பவர்கள் முதலில் படிக்க வேண்டிய வழக்கு இதுதான். வாசல் பூட்டை யாரும் உடைத்து வந்ததாகத் தெரியவில்லை. வீடு முழுக்க அழைக்கப்பட்ட மனிதர்கள் இருந்த நேரத்தில் களவு நடந்தது. இதழ் திரும்பக் கிடைத்ததற்கும் பூட்டு காரணமல்ல. அது எந்தப் பிரதி என்று உறுதியாகச் சொல்ல ஒரு ஆள் இருந்தார், அவ்வளவுதான். சேகரிப்பாளர்கள் செலவழிக்கும் பணமும் கவலையும் பெரும்பாலும் வாசல் கதவுக்கும் கேமராவுக்குமே போகின்றன. உள்ளே வந்து உட்கார்ந்து காபி குடிப்பவர் விஷயத்திலும், ஒவ்வொரு இதழுக்கும் ஓர் அடையாளப் பதிவு வைப்பதிலும் அந்த அக்கறை இருப்பதில்லை.

காவல் காப்பவர்களையே நம்ப முடியாமல் போன கதையும் உண்டு. டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனில், தான் வேலை பார்த்த நிறுவனத்தில் லட்சக்கணக்கான டாலரைக் கையாடிய ஒருவர் அந்தப் பணத்தில் பழைய காமிக்ஸ்களாக வாங்கிக் குவித்திருந்தார். அவை வழக்கின் சான்றுப் பொருளாகக் கைப்பற்றப்பட்டன. வழக்கை விசாரித்த அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் புலனாய்வாளர் ஒருவரே அவற்றில் சிலவற்றை எடுத்துக்கொண்டுபோய், 2012-இல் சிகாகோ அருகே நடந்த காமிக்ஸ் கண்காட்சியில் விற்றார். பிறகு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

ஆகவே அனுபவசாலிகள் சொல்லும் முதல் யோசனை கடுமையானது: மிக விலை உயர்ந்த இதழின் அசலைச் சுவரில் மாட்டாதீர்கள். அட்டையை நல்ல ஸ்கேனரில் எடுத்து, அதே அளவில் தரமான தாளில் அச்சிட்டு மாட்டலாம். புகழ்பெற்ற அமெரிக்க இதழ்களுக்குப் பதிப்பகங்களே பழைய விளம்பரங்களோடு அப்படியே மறுபதிப்பு வெளியிடுகின்றன; அதை வாங்கி மாட்டலாம். அசல் உள்ளறையில் பீரோவிலோ வங்கி லாக்கரிலோ இருக்கட்டும். அருங்காட்சியகங்கள்கூடப் பழைய தாளை மங்கலான ஒளியில் சில மாதம் வைத்துவிட்டு உள்ளே எடுத்துவிடுவதுதான் வழக்கம். மலிவான செய்தித்தாள் காகிதத்தில் அச்சான காமிக்ஸுக்கு வெளிச்சம் திருடனைவிட மெதுவாக வேலை செய்கிறது, ஆனால் நிச்சயமாகச் செய்கிறது. நகலை மாட்டினால் இரண்டு பயமும் போய்விடும். நகலின் பின்பக்கம் ‘மறுபதிப்பு’ என்று அழியாத மையில் எழுதிவிடுவது நல்லது. 1974-இல் டி.சி. நிறுவனம் பெரிய அளவில் வெளியிட்ட ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ மறுபதிப்பின் மேலட்டையைக் கிழித்துவிட்டு, அசல் என்று ஏமாற்றி விற்றவர்கள் இருக்கிறார்கள்.

அசலைத்தான் வைப்பேன் என்பவர்கள் அலமாரியைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும்.

மரச்சாமான் கடையில் கிடைக்கும் ஷோகேஸில் இரண்டு கண்ணாடிகள் பள்ளத்தில் ஓடும். ஒன்றின் ஓரத்தில் பற்கள் கொண்ட ஒரு தகட்டை மாட்டி, அதில் சின்னப் பூட்டைத் தள்ளிப் பூட்டுவோம். பார்க்கப் பத்திரமாகத்தான் இருக்கிறது. பூட்டைத் தொடாமலேயே, உள்ளங்கை இரண்டையும் கண்ணாடியில் அழுத்தி மேலே தூக்கிப் பாருங்கள். மேல் பள்ளத்தில் இடம் இருந்தால் கண்ணாடி அரை அங்குலம் எழும்பும். அடிப்பக்கம் கீழ்ப் பள்ளத்திலிருந்து விடுபட்டு வெளியே வந்துவிடும். பூட்டு பூட்டியபடியே இருக்கும். இதற்கு மருந்து ரொம்பச் சின்னது. கண்ணாடியைப் பொருத்தியபின் மேல் பள்ளத்தில் ஒரு மரச்சக்கையை அடைத்து ஒட்டிவிட்டால் தூக்க முடியாது. தச்சருக்குக் கால் மணி நேர வேலை. இந்தப் பூட்டுகளில் மலிவானவற்றில் ஒன்றின் சாவி இன்னொன்றுக்குச் சேருவது சகஜம் என்பதால், பூட்டையும் கொஞ்சம் விலை கொடுத்து மாற்றிவிட வேண்டும். கீல் வைத்த கதவு என்றால் கீலின் திருகுகள் வெளியே தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும், பூட்டு எதற்கு?

ஃபிரேமும் அப்படித்தான். ஆணியில் கயிறு கட்டித் தொங்கும் ஃபிரேமை எடுக்க ஒரு நொடி ஆகாது. அருங்காட்சியகங்களில் ஃபிரேமின் அடியைச் சுவரோடு பிடித்துவைக்கும் ஒரு கொக்கி இருக்கும். தனி ஸ்பேனர் இல்லாமல் அதைத் திருப்ப முடியாது. வீட்டில் அதே வேலையைச் சுவரில் நேராக முடுக்கிய நான்கு திருகுகள் செய்யும். அலமாரிக் கதவு திறந்தால் அலறும் காந்த அலாரம் சில நூறு ரூபாய்தான். விருந்து நடக்கும் கூடத்தில் அந்தச் சத்தம், விலை உயர்ந்த கேமராவைவிட அதிகம் உதவும். கேமரா நடந்ததைக் காட்டும், நடக்கும்போது தடுக்காது. அதையும் கூரை மூலையில் வைத்து உச்சந்தலையைப் படம் பிடிக்காமல், முகம் தெரியும் உயரத்தில் வைக்க வேண்டும். பதிவுப் பெட்டியை டி.வி.க்குப் பக்கத்தில் வைத்தால் திருடன் அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போவான்.

கண்காட்சியில் கடை போடுபவர்களின் நிலைமை வேறு. விலை அதிகமுள்ள இதழ்களை அவர்கள் முதுகுக்குப் பின்னால் உயரத்தில் மாட்டுவார்கள். ஒருவர் கேள்விமேல் கேள்வி கேட்டு முகத்தைத் தன் பக்கம் திருப்பிவைத்துக்கொள்ள, கூட வந்தவர் கை நீட்டுவது பழைய வித்தை. கடை விரிக்கும் காலை நேரமும் மூட்டை கட்டும் மாலை நேரமும்தான் அதிக ஆபத்து. பெட்டிகள் திறந்து கிடக்கும், உதவிக்கு வந்த பையன் டீ வாங்கப் போயிருப்பான். அந்த இரண்டு நேரத்துக்கும் விலை உயர்ந்த இதழ்களை ஒரே பையில் போட்டு, அந்தப் பையை மட்டும் பார்த்துக்கொள்ள ஒருவரை நிறுத்துவது, என் கணிப்பில், எந்தக் கருவியைவிடவும் நல்ல காவல்.

இனி அடையாளப் பதிவு. அமெரிக்காவில் 2000-இல் தொடங்கிய சி.ஜி.சி. நிறுவனம் காமிக்ஸின் தரத்துக்கு மதிப்பெண் கொடுத்து, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்து, வரிசை எண்ணும் தருகிறது. அந்த எண் திருட்டுப் பொருளைக் கண்டுபிடிக்க உதவுகிறது. 2019 ஜனவரியில் ஃப்ளோரிடாவில் ஒரு சேகரிப்பாளர் குளிரூட்டப்பட்ட கிடங்கறையில் வைத்திருந்த, சுமார் 14 லட்சம் டாலர் மதிப்புள்ள 450 பேட்மேன் இதழ்கள் களவுபோயின. அவற்றில் சில நாட்டின் மறுகோடியில், அரிசோனாவில் விற்பனைக்கு வந்தபோது அடையாளம் காணப்பட்டன. ஆனால் உறையை மட்டும் நம்பக் கூடாது என்பதும் 2023 கடைசியில் தெரிந்துபோனது: உறையை நேர்த்தியாகத் திறந்து, உள்ளே மட்டமான பிரதியை மாற்றிவைத்து விற்றது அம்பலமாகி, சி.ஜி.சி. நூற்றுக்கணக்கான எண்களை விசாரணைக்கு எடுத்தது.

எனவே படம் எடுக்க வேண்டியது உறையை மட்டுமல்ல, இதழையே. ஸ்டேப்ளர் பின் எந்த உயரத்தில் இருக்கிறது, அட்டை எந்தப் பக்கம் சாய்வாக வெட்டப்பட்டிருக்கிறது, முதுகில் எங்கே வெடிப்பு: இவை ஒரு பிரதியில் இருப்பதுபோல் இன்னொன்றில் இருக்காது. கொலராடோவில் எட்கர் சர்ச் என்பவர் சேர்த்துவைத்திருந்த காமிக்ஸை 1977-இல் சக் ரோசான்ஸ்கி என்ற வியாபாரி வாங்கினார். அவற்றின் அட்டையில் இருக்கும் பென்சில் குறிகள், இது சர்ச்சின் பிரதி என்று சொல்ல இன்றும் கைகொடுக்கின்றன.

நம்மூரிலும் இதற்கு வழி இருக்கிறது. 1972-இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984-இல் வந்த லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ் ஆகியவற்றின் ஆரம்ப இதழ்களைத் தேடி அலைபவர்கள் உண்டு. வாடகை நூலகத்தின் ஊதா முத்திரை, உள்ளட்டையில் யாரோ ஒரு சிறுவன் எழுதிய பெயரும் வகுப்பும், பழைய புத்தகக் கடைக்காரர் பென்சிலில் போட்ட விலை என்று ஏதாவது ஒன்று அவற்றில் இருக்கும். அழகைக் கெடுக்கிறதென்று பலர் இவற்றை ரப்பரால் தேய்த்துவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். இது என்னுடையது என்று காட்ட அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. நான் ஒவ்வொரு இதழுக்கும் முன்னட்டை, பின்னட்டை, முதுகு, முத்திரை உள்ள பக்கம் என்று படம் எடுத்து, வாங்கிய ரசீதோடு மின்னஞ்சலில் போட்டுவைக்கிறேன். வீட்டுக்கு நாலு பேர் வந்துபோன பிறகு, அலமாரியின் பழைய படத்தைக் கைபேசியில் திறந்துவைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதும் வழக்கம். விவரமான திருடன் காலி இடம் விடமாட்டான். வேறொரு இதழை அங்கே செருகிவிடுவான்.

களவு போனது தெரிந்ததும் அலமாரியைத் துடைக்கவோ அடுக்கவோ வேண்டாம். காவல் நிலையத்தில் ‘பழைய காமிக்ஸ் சில’ என்று எழுதிக் கொடுத்தால் எஃப்.ஐ.ஆர்.-இலும் அப்படியேதான் பதிவாகும். தலைப்பு, இதழ் எண், ஆண்டு, அடையாளம், மதிப்பு என்று அச்சிட்ட பட்டியலையும் படங்களையும் இணைத்துக் கொடுங்கள். காப்பீடு எடுத்திருந்தால் அந்த நிறுவனம் கேட்பதும் இதே தாள்தான். அன்றைக்கே அதை சேகரிப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்கும், பழைய காமிக்ஸ் வாங்கி விற்பவர்களுக்கும் அனுப்பிவிடுங்கள். அரிய இதழை வாங்கக்கூடியவர்கள் சிலர்தான். திருடன் வந்து தட்டுவதற்குள் அவர்கள் கையில் படம் இருந்தால், விற்க அவனுக்கு இடமிருக்காது.