விலக்குக் கடிதம்



கல்வி உதவி வாங்க வந்த ஒரு தந்தை சென்ற மாதம் இன்னொன்றும் கேட்டார். அவர் மகள் கல்லூரியில் படிப்பது மனித மேம்பாடு. குழந்தைப் பருவம் முதல் முதுமை வரை மனிதர் எப்படி வளர்கிறார் என்ற பாடம். அதற்காக மாணவிகள் சில நாட்கள் ஒரு கிராமத்தில் தங்க வேண்டுமாம். "வயசுப் பொண்ணுண்ணே. அதுக்கு மட்டும் விலக்குக் கேட்டு ஒரு கடிதம் கொடுங்க" என்றார்.

நான் உடனே எழுதிக் கொடுக்கவில்லை. அவரிடம் டாக்டர் ஜி. இராமச்சந்திரனைப் பற்றிச் சொன்னேன்.

சின்னாளபட்டியை ஒட்டிய காந்திகிராமத்தை நாம் பஸ்ஸில் கடந்து போகிறோம். 1947இல் அதைத் தொடங்கியவர்கள் மருத்துவர் சௌந்தரமும் அவர் கணவர் இராமச்சந்திரனும். 1956இல் கிராமியக் கல்வி நிலையம் வந்தது. 1976இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. அங்கே மாணவர்கள் கிராமத்தில் போய்த் தங்குவது பாடத்தின் ஒரு பகுதி. புத்தகத்தில் 'ஊட்டச்சத்துக் குறைவு' என்று படித்தவர், அங்கே காலையில் வெறும் கஞ்சியோடு வேலைக்குப் போகும் தாயைப் பார்க்கிறார். பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார் என்று கேட்கிறார். அந்தக் கேள்வி வகுப்பறையில் எழுவது கடினம்.

இராமச்சந்திரனே கேள்வி கேட்டு வளர்ந்தவர்தான். 1924இல் காந்தியடிகள் இந்து முஸ்லிம் ஒற்றுமைக்காக டில்லியில் 21 நாள் உண்ணாநோன்பு இருந்தார். அதைத் தொடங்கியது மௌலானா முஹம்மது அலியின் இல்லத்தில். அது முடிந்து அவர் உடல் தேறிவந்த நாட்களில், சாந்திநிகேதன் மாணவராக இருந்த இராமச்சந்திரன் போய்ப் பேசினார். எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று கேட்டார். தையல் இயந்திரத்துக்கு விலக்கு உண்டு என்றார் காந்தி. அப்படியானால் அதைச் செய்ய ஒரு பெரிய தொழிற்சாலை வேண்டுமே என்று இளைஞர் விடவில்லை. ஆமாம், ஆனால் அது அரசின் கையில் இருக்கட்டும் என்றார் பெரியவர். (விதவைச் சகோதரிகளுக்கு நாம் தையல் மிஷின் கொடுக்கும்போதெல்லாம் எனக்கு இந்த உரையாடல் நினைவுக்கு வரும்.)

கைத்தொழிலை நடுவில் வைத்து, தாய்மொழியில், ஏழாண்டு இலவசக் கட்டாயக் கல்வி என்ற ஆதாரக் கல்வித் திட்டத்தை 1937இல் வகுத்த குழுவின் தலைவர் யார் தெரியுமா? ஜாமியா மில்லியாவை நடத்திவந்த டாக்டர் ஜாகிர் ஹுசைன். பின்னாளில் குடியரசுத் தலைவரானவர். கையும் மூளையும் சேர்ந்து வளர வேண்டும் என்பது நமக்கு அந்நியமான யோசனை அல்ல.

அந்தத் தந்தையின் பயம் நியாயமானதே. பெண் பிள்ளையை அனுப்புகிறவர் விசாரிக்கத்தான் வேண்டும்: கூடத் தங்கும் ஆசிரியை யார், இரவில் எங்கே படுப்பது, கழிப்பறை உள்ளே இருக்கிறதா, தொழவும் ஹலால் உணவுக்கும் வசதி உண்டா. இவற்றைக் கேட்டு வேண்டுமானால் கல்லூரிக்குக் கடிதம் தருகிறேன், விலக்குக் கேட்டுத் தர மாட்டேன் என்றேன். முகம் சுருங்கித்தான் போனார்.

பத்து நாள் கழித்து மனைவியையும் கூட்டிக்கொண்டு அந்தக் கிராமத்துக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தங்குமிடத்தில் கதவுத் தாழ்ப்பாள் சரியில்லையாம். அதை மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுத்தேன்.